அது அழுக்கு இல்லை, மிஸ்

அது அழுக்கு இல்லை, மிஸ். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

என் மகனின் பின்கழுத்தில், சட்டைக் காலருக்கு மேலே, கரேலென்று ஒரு பட்டை ஓடுகிறதே. போன ஜூலையில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் அவனைத் திரும்பி நிற்கச் சொல்லி, அந்த இடத்தை ஸ்கேலால் தொட்டுக் காட்டி, "வீட்டுல தண்ணி வரலையா? அம்மா குளிக்கச் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டீர்களே. அதுதான்.

அன்று நான் ஆபீஸிலிருந்து வீடு திரும்பியபோது ஏழரை மணி. குளியலறை உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. தட்டினேன், கூப்பிட்டேன், கத்தினேன். கடைசியில் திறந்தான். கையில் பாத்திரம் துலக்குகிற கம்பி நார். கழுத்தில் தோல் வழண்டு, ரத்தம் பொடிப் பொடியாகத் துளிர்த்திருந்தது.

"இன்னும் போகலம்மா" என்றான்.

பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்பு. 71 கிலோ. அழக்கூட இல்லை அவன். ஏதோ கணக்கு வராததைச் சொல்வதுபோலச் சொன்னான்.

உங்களை மட்டும் சொல்லி என்ன பயன்? அதற்கு முன் ஆறு மாதமாக நானும் அதைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் கடலைமாவு, எலுமிச்சம்பழத் தோல். மாமியார் சொன்னார்கள் என்று பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும். "ஒழுங்கா சோப்புப் போட்டாத்தானேடா" என்று முதுகில் ஒன்று வைத்ததும் உண்டு. ஒரு காய்ச்சலுக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். தெருமுனைக் கிளினிக். அவர் அவன் கழுத்தைப் பார்க்கவே இல்லை. எடை மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாயைக் கட்டுங்கம்மா. நீங்கதான் கெடுக்கறீங்க." அறுபது நொடியில் தீர்ப்பு. ஃபீஸ் 400 ரூபாய்.

ரத்தம் வந்த அந்த வாரம்தான் வேறொரு டாக்டரிடம் போனோம். குழந்தைகளின் ஹார்மோன் கோளாறு பார்க்கிறவர், பெண். அவர் அவனை உட்காரவைத்து, கேட்டுக்கொண்டு, காலரை மெதுவாக விலக்கினார். அக்குளையும் பார்த்தார். "இது எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டார். திட்டவில்லை. அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாப்பிட்ட சர்க்கரையைச் செல்லுக்குள் அனுப்புவது இன்சுலின். உடம்பில் கொழுப்பு ஏற ஏற, செல்கள் அந்த இன்சுலினுக்குக் காது கொடுக்காமல் போகின்றன. கணையம் விடுமா? இன்னும் இன்னும் சுரக்கிறது. அப்படித் தேங்கிய இன்சுலின் தோலின் செல்களைத் தூண்டிவிடுகிறது. தோல் தடித்து, கறுத்து, தொட்டால் வெல்வெட் துணிபோல ஆகிறது. அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்று எழுதிக் கொடுத்தார். எந்தச் சோப்புக்கும் அது போகாது, உள்ளே சரியானால்தான் வெளியே வெளுக்கும் என்றார். ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை 5.9. 5.7-ஐத் தொட்டாலே நீரிழிவின் வாசல்படி. ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு.

ஆறு மாதமாக அவன் உடம்பு கழுத்தில் கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டியிருக்கிறது. பெற்றவள் தேய்த்து அழிக்கப் பார்த்தாள். டீச்சர் ஸ்கேலால் தொட்டுக் காட்டினார்.

அந்தக் கிளினிக்கின் பெஞ்சை மறக்க முடியவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த அன்று ஏழெட்டு அம்மாக்கள். ஒன்பது வயதிலேயே பெரியவளாகிவிட்ட பெண்ணின் தாய் ஒருத்தி. ராத்திரி குறட்டையில் மூச்சு நின்று நின்று வருகிற பையனுக்குப் பக்கத்தில், தூங்காமல் விழித்துக் கண் உள்ளே போன ஒருத்தி. சினைப்பையில் நீர்க்கட்டி என்று ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைக் கூட்டி வந்த ஒருத்தி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஜெயிலில் மனுப் போட்டுக் காத்திருக்கிறவர்கள் மாதிரி ஆளுக்கொரு ஃபைலை மடியில் வைத்துக் குனிந்திருந்தோம். என்ன குற்றம் செய்தோம் என்று அங்கே உட்கார்ந்து யோசித்ததுதான் இங்கே வருகிறது.

அவன் பிறந்தபோது 2 கிலோ 300 கிராம். பார்க்க வந்த யாரும் பெயர் என்ன என்று கேட்கவில்லை. "எலிக்குஞ்சு மாதிரி இருக்கே" என்றார்கள். "பால் பத்தலையோ?" என்றார்கள். நாத்தனார் என் முகத்துக்கு நேராகவே, "அண்ணி, எங்க வீட்டுப் பசங்க யாரும் இப்படிச் சோடையா பொறந்ததில்ல" என்றாள். டப்பா மாவு, நெய், வாழைப்பழம், தூங்குகிற பிள்ளையை எழுப்பி இன்னொரு பால். ஒரு வயதுக்குள் தொடையில் மூன்று மடிப்பு விழுந்தபோதுதான் எல்லோரும் சிரித்தார்கள். கொழுகொழுவென்று இருக்கிறான் என்று திருஷ்டி கழித்தார்கள். அதே வாய்கள்தான் இன்று கல்யாண வீட்டுப் பந்தியில் அவன் இலையை எட்டிப் பார்த்து, "இன்னொரு வடையா?" என்கின்றன. அந்த மூன்று மடிப்புக்கும் இந்த வடைக்கும் நடுவில் எந்தத் தேதியில் நான் நல்ல தாயிலிருந்து கெட்ட தாய் ஆனேன், யாராவது சொல்லுங்கள்.

புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் அவர் குழுவும் கிராமத்துத் தாய்மார்களையும் அவர்கள் பெற்ற குழந்தைகளையும் அளந்து 2003-ல் ஒன்று எழுதினார்கள். அங்கே பிறந்த குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் பிறந்தது 3.5 கிலோ. நம் குழந்தை சின்னதுதான். ஆனால் குறைந்திருந்தது தசையும் வயிற்றுக்குள் இருக்கிற உறுப்புகளும். கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரிகிற கொழுத்த குழந்தை. அப்படிப் பிறந்ததை அவசர அவசரமாக ஊட்டிப் பெருக்கினால் பின்னால் சர்க்கரைக்கு வழிவிடும் என்று இன்று சொல்கிறார்கள். அன்று என் வாசலில் வந்து யார் சொன்னார்கள்? தராசு முள் ஏறினால் தடுப்பூசி போட்ட நர்ஸம்மாகூட "குட்" என்றுதான் எழுதினார்கள்.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். ஆடிட்டர் ஆபீஸில் பதினோரு வருடம். எண்களைப் பார்த்தால் எனக்குப் பயம் போய்விடும். அதனால் தேடிப் படித்தேன்.

2024-ல் லான்செட் இதழில் உலகம் முழுவதற்கும் ஒரு கணக்கு வந்தது. இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குள் உடல் பருமன் உள்ளவர்கள் 1990-ல் சுமார் 4 லட்சம் பேர். 2022-ல் 1 கோடியே 25 லட்சம். முப்பத்திரண்டு வருடத்தில் முப்பது மடங்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், உலகம் முழுவதும் அதே வயதில் எடை கூடிய பிள்ளைகள் 1990-ல் நூற்றுக்கு 8 பேர். 2022-ல் 20 பேர். தலைகளாக எண்ணினால் 39 கோடிக்கு மேல். அதில் 16 கோடிப் பேர் பருமன் என்ற கோட்டையே தாண்டியவர்கள்.

ஒரு கிளையில் கல்லாவில் பணம் குறைந்தால் அந்தக் கேஷியரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். எல்லாக் கிளையிலும், எல்லா ஊரிலும், வருடா வருடம் ஒரே திசையில் குறைந்துகொண்டே போனால்? ஐந்து வருட அனுபவம் உள்ள எந்த ஜூனியரும் சொல்வான், கேஷியரை விடுங்கள், சிஸ்டத்தைப் பாருங்கள் என்று. ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் ஒவ்வொரு கல்லாவிலும் ஒரு அம்மாவைப் பிடித்து நிறுத்திக் கன்னத்தில் அறைகிறீர்கள். முப்பது வருடத்தில் இந்த நாட்டுப் பிள்ளைகளின் நாக்கு முப்பது மடங்கு நீண்டுவிட்டதா? பெற்றவர்களுக்கு முப்பது மடங்கு புத்தி கெட்டுவிட்டதா?

"பணக்கார வியாதி" என்று ஒரு பேச்சு வேறு. அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. சென்னையில் 51 பள்ளிகளில் 18,955 பிள்ளைகளை அளந்து 2014-ல் வெளியிட்டார்கள். தனியார் பள்ளியில் எடை கூடியவர்கள் 21.4 சதவீதம், அரசுப் பள்ளியில் 3.6. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு லட்சத்துக்கு மேல் கடன் வாங்கிக் கட்டணம் கட்டி நான் வாங்கிக் கொடுத்தது இதைத்தானா? எங்கள் வீட்டு வேலைக்கு வருகிற அக்காவின் பேத்தி மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறாள். காலையில் உப்புமாவோ கிச்சடியோ, சாம்பாரோடு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம். மத்தியானம் சத்துணவும் முட்டையும். என் மகனுக்கு இடைவேளையில் கேன்டீன் பஃப்ஸ். யார் பிள்ளை பணக்காரப் பிள்ளை?

ஆனால் அந்தக் குழந்தையும் தப்பவில்லை, அதைச் சொல்லாமல் போனால் நான் பொய்க் கணக்கு எழுதியவள் ஆவேன். தெருமுனைப் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகிறதே ஐந்து ரூபாய்ப் பாக்கெட், அது அவளுக்கும் எட்டுகிற உயரத்தில்தான் தொங்குகிறது. 2016 முதல் 2018 வரை மத்திய அரசே எடுத்த ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயதுக்குள் 24 சதவீதம் பேர் வயதுக்கேற்ற எடை இல்லாத ஒல்லிகள், 5 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். அதே கணக்கெடுப்பில், பள்ளி வயதில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவின் வாசல்படி. 5 சதவீதம்தான் குண்டு, 10 சதவீதம் வாசல்படியில். அப்படியானால் ஒல்லியாகவே போய் அங்கே நிற்கிற பிள்ளைகள் எத்தனை பேர்? 2025 செப்டம்பரில் யுனிசெப் சொன்னது, உலகத்தில் முதல் முறையாகப் பள்ளி வயதுப் பிள்ளைகளில் எடை குறைந்தவர்களைவிடப் பருமனானவர்கள் அதிகமாகிவிட்டார்களாம். 9.2 சதவீதத்துக்கு 9.4. தெற்காசியாவும் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவும்தான் விலக்கு. நாம் விலக்கில் இருக்கிறோம் என்று யாரும் மார்தட்ட வேண்டாம். நம் தெருவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, பள்ளிக்கு வருகிறேன்.

2020-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு விதி போட்டது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக் கேன்டீனில் விற்கக் கூடாது. பள்ளியைச் சுற்றி 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. அவற்றைச் செய்கிற கம்பெனிகள் அந்த எல்லைக்குள் விளம்பரமும் செய்யக் கூடாது. நான் ஒரு நாள் கேட்டிலிருந்து எதிர்க்கடைவரை நடந்து பார்த்தேன். என் தப்படியில் பதினேழு. அதுவும் செருப்பு அறுந்து போனதால் சின்னச் சின்னதாக வைத்த தப்படி. அதைக்கூட விடுங்கள், அது வெளியே. உள்ளே? 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. எல்லாப் பள்ளிகளிலும் சர்க்கரைப் பலகை வைக்கச் சொன்னது. 11 முதல் 18 வயதுப் பிள்ளைகள் நாள் முழுதும் சாப்பிடும் கலோரியில் 15 சதவீதம் சர்க்கரையிலிருந்து வருகிறது, இருக்க வேண்டியது 5 என்று அந்தச் சுற்றறிக்கையே சொல்கிறது. எங்கள் பள்ளியிலும் வைத்தார்கள். கலர் கலராக, எந்தப் பானத்தில் எத்தனை ஸ்பூன் என்று படம் போட்டு, அழகான பலகை. வைத்த இடம் கேன்டீன் சுவர். பலகைக்குக் கீழே க்ரீம் பிஸ்கட் அடுக்கியிருக்கிறது. பேரன்ட்ஸ் மீட்டிங்கில் கேட்டேன். "குழந்தைங்க கேக்கறாங்க மேம், நாங்க என்ன பண்றது?" என்றார்கள். பிள்ளைகள் லீவுகூடத்தான் கேட்கிறார்கள். கொடுக்கிறீர்களா?

மைதானம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்று இருக்கிறது. அட்மிஷன் புத்தகத்தில் எங்கள் பள்ளிக்கு அட்டைப்பட மைதானம் உண்டு. அங்கே இப்போது பதினெட்டு மஞ்சள் பஸ் நிற்கிறது. வாரத்தில் இரண்டு பி.டி. பீரியடு. ஒன்றைக் கணக்கு மிஸ் "போர்ஷன் முடியல" என்று கடன் வாங்குவார். இந்தக் கடனை யாரும் திருப்பிக் கொடுத்ததாக என் பள்ளிக்காலத்திலிருந்தே சரித்திரம் இல்லை. இன்னொன்றில் விளையாட்டு, ஆனால் இவனுக்கு இல்லை. ஸ்கோர் எழுது, பந்தைப் பொறுக்கு, எல்லோர் தண்ணீர் பாட்டிலுக்கும் காவல் இரு. ஓடினால் எடை குறையும் என்று ஊருக்கு உபதேசம் செய்கிறவர்கள் ஓட வேண்டிய பிள்ளையை உட்காரவைத்தார்கள். ஒரு நாளைக்கு 60 நிமிடம் வியர்க்க விளையாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 2016-ல் உலகத்தின் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்கு அது கிடைக்கவில்லை. சாயங்காலம் விளையாடட்டும் என்றால் எங்கள் அடுக்குமாடியில் கீழே "பந்து விளையாடக் கூடாது" போர்டு, மேலே மொட்டைமாடிக்குப் பூட்டு. கொரோனாவில் பள்ளி மூடியபோது அவன் இரண்டாம் வகுப்பு. திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1. அந்த ஒன்றரை வருடம் நூற்று அறுபது சதுர அடி ஹாலும் ஒரு செல்போனும்தான் அவனுக்கு உலகம். அப்போது ஏறியது ஒன்பது கிலோ. செல்போனைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் வேறு சொல்ல வேண்டாம்.

ஹெல்த் கேம்ப் என்று ஒன்று நடத்தினீர்களே, சார். வரிசையில் நிற்கவைத்து மெஷினில் ஏற்றி, எழுதுகிற பையன் தூரத்தில் உட்கார்ந்திருந்ததால் எண்ணை உரக்கச் சொன்னீர்கள். "எழுபத்தொண்ணு!" வகுப்பே கைதட்டியது. "மெஷினுக்கு இன்சூரன்ஸ் இருக்கா சார்?" என்று ஒருவன். நீங்களும் சிரித்தீர்கள். அன்றிலிருந்து அவனுக்குப் பெயர் புல்டோசர். அதற்கு முன் பூசணி, அதற்கு முன் அரிசி மூட்டை. நம் சினிமாவில் குண்டான ஆள் நடந்து வந்தாலே பின்னணியில் யானை பிளிறும். நாமும் சிரித்து வளர்ந்தவர்கள்தான், பிள்ளைகளை மட்டும் என்ன சொல்ல? ஆனால் சென்னை வெயிலில் என் மகன் சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டுக்கொண்டு போகிறான். ஏன் என்று மூன்று மாதம் எனக்குத் தெரியாது. மார்பு தெரியக் கூடாதாம். வேர்க்குரு முதுகெல்லாம் வெடித்தபோதுதான் சொன்னான். இவ்வளவு சிரித்த பிறகு எத்தனை கிலோ குறைந்தது என்று அந்த மெஷினில் ஏற்றிப் பார்த்தீர்களா?

இனி நான் சொல்லப்போவது என் தொழில் சம்பந்தப்பட்டது. இதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை, ஜி.எஸ்.டி.யின் புது விகிதம் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தின சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கள் ஆபீஸில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வாடிக்கையாளர்களின் பில்லிங்கில் ஒவ்வொரு சரக்குக்கும் பழைய விகிதத்தை அழித்துப் புதியதைப் போட வேண்டும். என் பங்குக்கு ஒரு தின்பண்ட மொத்த வியாபாரியின் கணக்கு வந்தது. பிஸ்கட், 18-ஐ அழித்து 5. சாக்லேட், 18-ஐ அழித்து 5. ஐஸ்கிரீம், 18-ஐ அழித்து 5. நூடுல்ஸ், 12-ஐ அழித்து 5. பாக்கெட் மிக்சர், 12-ஐ அழித்து 5. நூற்றுக்கணக்கான வரிகள். என் விரலால். மேஜையில் என் கைப்பையில் அவனுடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். பாதியில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

குளிர்பானத்துக்கு 40 போட்டார்களே என்பீர்கள். போட்டார்கள். முன்பு 28 வரி, அதன்மேல் 12 செஸ். கூட்டிப் பாருங்கள். அதே 40.

அதே வருடம் ஜனவரி 31 அன்று நாடாளுமன்றத்தில் வைத்த பொருளாதார ஆய்வறிக்கை என்ன சொன்னது தெரியுமா? ஆலையில் அதீதமாகப் பதப்படுத்திய இந்தப் பண்டங்கள் உடம்பைக் கெடுக்கின்றன, இவற்றுக்கு வரியைக் கூட்டுவதைப் பரிசீலிக்கலாம் என்றது. நாட்டில் இவற்றின் விற்பனை 2006-ல் 90 கோடி டாலராக இருந்தது, 2019-ல் 3,790 கோடி டாலரைத் தாண்டியது என்று எண்ணும் கொடுத்தது. நாற்பது மடங்கு. பருமன் முப்பது மடங்கு என்று முன்னே சொன்னேன் அல்லவா, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஜனவரியில் ஒரு கை கூட்டு என்று எழுதுகிறது, செப்டம்பரில் இன்னொரு கை குறை என்று எழுதுகிறது. இரண்டும் ஒரே அரசாங்கத்தின் கை. விலை குறைந்ததில் சந்தோஷப்பட்ட வீடுகளை நான் குறை சொல்லவில்லை. சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற வீடுதான் எனதும். ஆனால் கீரைக்கட்டின் விலை குறையவில்லை. புது விகிதம் வந்த அன்று சாயங்காலம் மார்க்கெட்டில் பீன்ஸ் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவள் நான்.

சிலி என்று ஒரு நாடு. அங்கே 2016-லிருந்து சர்க்கரையோ உப்போ கொழுப்போ மிகுந்தால் பாக்கெட்டின் முகத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை குத்த வேண்டும். எழுத்துக் கூட்டுகிற பிள்ளைக்குக்கூடப் புரியும். நமக்கு 2022-ல் ஒரு வரைவு வந்தது. கறுப்பு முத்திரை இல்லை, நட்சத்திரம். நட்சத்திரம்! நம் பிள்ளைகள் நல்ல கையெழுத்துக்கு நோட்டில் வாங்குகிறார்களே, அது. மோசமான பண்டத்துக்கும் ஒன்றோ அரையோ பாராட்டு. அதுவும் இழுபறி. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதத்தில் முடித்துச் சொல்லுங்கள் என்றது. மூன்று மாதம் ஆனதும் இன்னும் மூன்று மாதம் கேட்டார்கள், கிடைத்தது. என் ஆபீஸில் ரிட்டர்ன் ஒரு நாள் தள்ளிப்போனால் தாமதக் கட்டணம். இங்கே தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம் யார் கட்டுகிறார்கள்? அவன் ஈரல் கட்டுகிறது.

என் பங்கைச் சொல்ல வேண்டும். சொல்கிறேன். நாலரை மணிக்கு அவன் பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறக்கும்போது வீட்டில் யாரும் இல்லை. ஐந்தரைக்கு டியூஷன். நடுவில் சாப்பிட நான் வைத்துவிட்டுப் போனது ஃபிளாஸ்கில் பாலும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும். எட்டு வருடம். சுண்டல் வைக்கலாம், புட்டு வைக்கலாம், எனக்குத் தெரியாதா? காலை ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு வேளைச் சமையலையும் முடித்துவிட்டு எட்டு மணி மின்சார ரயிலில் தொங்குகிறவளுக்கு, அந்த நாலரை மணிக்கு மட்டும் கை நீளவில்லை. "கோதுமை நல்லது", "பாலின் சத்து" என்று பாக்கெட்டில் எழுதியிருந்ததை நம்பினேன். ஆயிரம் பில்லைச் சரிபார்க்கிறவள், பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்த சர்க்கரை அளவைச் சரிபார்க்கவில்லை. குற்றம்தான். என் பங்குக் குற்றத்துக்கு நான் தலை குனிகிறேன். எல்லார் பங்கையும் என் தலையில் ஏற்றாதீர்கள் என்றுதான் கத்துகிறேன்.

கிளினிக்கில் ஒரு டயட் சார்ட் கொடுத்தார்கள். அச்சடித்தது. அவகேடோ பாதி, வால்நட் நான்கு, புளூபெர்ரி ஒரு கைப்பிடி. அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். விருந்தாளிகள் வந்தால் படித்துச் சிரிக்கிறார்கள். அதற்குப் பதிலாகக் கேழ்வரகு அடையும், கீரையும், கொள்ளு ரசமும், அந்தப் பூட்டிய மொட்டைமாடியின் சாவியுமாகச் சமாளிக்கிறோம். சாவிக்காக அசோசியேஷனில் நான் போட்ட சண்டை தனிக் கதை. தினமும் ராத்திரி எட்டரைக்கு அவனும் நானும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடக்கிறோம். ஐந்து மாதத்தில் மூன்று கிலோ. கழுத்துப் பட்டையின் ஓரம் கொஞ்சம் கலைந்த மாதிரி இருக்கிறது. அல்லது அப்படி நான் நினைத்துக்கொள்கிறேனோ என்னவோ.

டிசம்பரில் ஸ்போர்ட்ஸ் டே. கயிறு இழுக்கும் போட்டிக்கு மட்டும் அவனைத் தேடி வந்து சேர்த்திருந்தார்கள். கடைசி ஆள். கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குதிகாலை மண்ணில் பதித்து, வானத்தைப் பார்த்துச் சாய்ந்துகொண்டான். எதிர்க்கட்சியில் எட்டுப் பேர் இழுத்தார்கள். அசையவில்லை. "புல்டோசர்! புல்டோசர்!" என்று வகுப்பே கத்தியது. அதே பெயர்தான், ஆனால் அன்று அவன் முகத்தில் ஒரு சிரிப்பு. அவனை அப்படிச் சிரித்து நான் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. நானும் கத்தினேன், மிஸ். புல்டோசர் என்றுதான் கத்தினேன்.

மேடையில் பரிசு. பின்னால் ஒரு தின்பண்டக் கம்பெனியின் பேனர், அவர்கள்தான் அன்றைய ஸ்பான்சர். ஜெயித்த எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு கூடை. கண்ணாடித்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, உள்ளே ஒரு டப்பா சாக்லேட் பானப் பொடி, க்ரீம் பிஸ்கட் நான்கு, நூடுல்ஸ் ஒரு கட்டு. பிரின்சிபால் கைகுலுக்கிக் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். போட்டோ என்றாலே ஒளிந்துகொள்கிற பிள்ளை, நடுவில் நின்றான்.

ஆட்டோவில் வீடு வரும்வரை அந்தக் கூடையை மடியிலேயே வைத்திருந்தான். சாப்பாட்டு மேஜையில் கொண்டுவந்து வைத்தான். கண்ணாடித்தாளைப் பிரிக்கவில்லை. ரிப்பனை மட்டும் விரலால் நீவிக்கொண்டே என்னைப் பார்த்தான்.

"அம்மா, இது நான் ஜெயிச்சது. ஒண்ணே ஒண்ணு சாப்பிடட்டுமா?"